எரியாத கூரையும் இறுகும் மார்பும்

சோமனூர், பல்லடம் வட்டாரங்களில் விசைத்தறிக் கூடமாயினும், கோழிப்பண்ணையாயினும், கூலித் தொழிலாளர் குடியிருப்பாயினும் நம் கண்ணில் படுவது சாம்பல் நிறச் சிமெண்ட் அட்டைக் கூரையே. ஓலை தீப்பிடிக்கும், ஓட்டுக்கு மரச்செலவு மிகும், அட்டைதான் ஏழைக்கு ஏற்றது என்று சொல்லியே அதை வரவேற்றோம். போத்தனூரில் அதைச் செய்யும் ஆலையே 1950களில் வந்துவிட்டது. அந்த அட்டையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

கல்நார் பூமியிலிருந்து வெட்டியெடுக்கப்படும் கனிமம். நாராகப் பிரியும், நெருப்பில் எரியாது. எளிதில் அழியாத அந்தக் குணத்துக்காகவே உலகம் அதைப் போற்றியது. அந்தக் குணமே நஞ்சாகவும் ஆயிற்று. கண்ணுக்குப் புலப்படாத அதன் இழைகள் மூச்சோடு உட்புகுந்தால், உடலால் அவற்றை முற்றிலும் வெளியேற்ற இயலுவதில்லை. நுரையீரல் தழும்பேறி இறுகும் ஆஸ்பெஸ்டோசிஸ், நுரையீரல் புற்று, நுரையீரல் உறையைப் பற்றும் மீசோதெலியோமா ஆகிய நோய்கள் பெரும்பாலும் 20, 30, 40 ஆண்டுகள் கழித்தே தலைகாட்டுகின்றன. அதற்குள் வேலை கொடுத்தவரும் மாறியிருப்பார். வேலை செய்த இடமும் மறந்திருக்கும்.

“வெள்ளைக் கல்நாரைக் கட்டுப்பாட்டோடு கையாண்டால் தீங்கில்லை” என்கின்றனர் ஆலைத் தரப்பினர். எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் விளைவிப்பதே என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அறிவித்துவிட்டது. உடையாத கூரை தன் போக்கில் இருக்கும்வரை ஆபத்து குறைவு என்பது மெய்யே. ஆனால், அட்டையை ரம்பத்தால் அறுக்கும் கொத்தனாருக்கும், துளையிடும் சிற்றாளுக்கும், ஆடிக்காற்றில் நொறுங்கிய துண்டுகளைக் கூட்டிப் பெருக்கும் தாய்க்கும் எந்தக் கட்டுப்பாடு காவல் நிற்கிறது?

1995 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தொழிலாளியின் உடல்நலம் அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. கல்நார்த் தொழிலாளரின் உடல்நலப் பதிவேடுகளைக் குறைந்தது 40 ஆண்டுகள் காக்கவும் ஆணையிட்டது. நல்ல தீர்ப்பு. ஆயினும், எந்தப் பதிவேட்டிலும் பெயரில்லாத அன்றாடக் கூலிக்கு அதனால் என்ன பயன்?

1986லேயே புதிய கல்நார்ச் சுரங்கக் குத்தகைகளை நம் அரசு நிறுத்தியது. தோண்டுவது தீது என்று கண்ட நாடு, ரஷ்யா முதலிய நாடுகளிலிருந்து கப்பலில் வருவித்து ஏழையின் தலைக்குமேல் வேய்வது மட்டும் எவ்வாறு நன்றாகும்? ஐரோப்பிய ஒன்றியம் 2005லும், கனடா 2018லும் தடைவிதித்தன. அமெரிக்காவும் 2024இல் வெள்ளைக் கல்நாரைத் தடைசெய்து ஆணை பிறப்பித்தது.

விலை மலிவு என்பது பொய்க்கணக்கு. கடையில் குறையும் விலையை மருத்துவமனையில் ஏழையே செலுத்துகிறான். கல்நார் கலவாத அட்டைகள் இன்று கிடைக்கின்றன. விலை வேறுபாட்டை அரசு ஏற்கட்டும். நாமும் நம் பள்ளிகளிலிருந்து தொடங்குவோம். புதிதாகக் கல்நார் வேயோம். பழையதை நனைக்காமலும் முகக்காப்பின்றியும் ஒருவரையும் கழற்றவிடோம். தீயிலிருந்து காக்கும் கூரை, மூச்சைப் பறிப்பதாயின் அதைக் கூரை என்று எப்படிச் சொல்வோம்?