பாஸ்வேர்டு நோட்டு யார் கையில் இருக்கிறது?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ, திருவள்ளூர் அருகே காக்களூர் தொழிற்பேட்டையிலோ இருபது பேர் வேலை செய்யும் ஒரு பட்டறையை எடுத்துக் கொள்ளுங்கள். ஜிஎஸ்டி, இ-வே பில், பி.எஃப்., இ.எஸ்.ஐ., பேங்க், மின் கட்டணம் என்று குறைந்தது ஆறு வெப்சைட்டுகளுக்கு பாஸ்வேர்டு வேண்டும். இவை எங்கே இருக்கின்றன? பெரும்பாலும் அக்கவுண்ட்ஸ் பார்ப்பவரின் டைரியில், அல்லது டெஸ்க்டாப்பில் உள்ள ஒரு எக்ஸெல் ஃபைலில். அவர் வேலையை விட்டுப் போனால் முதலாளி தவிக்கிறார். பாஸ்வேர்டை மாற்றாமல் விட்டாலோ, வேலையில் இல்லாத ஒருவர் கையில் சாவி தங்கிவிடுகிறது.

"எந்த பாஸ்வேர்டு மேனேஜர் நல்லது?" என்று என்னைக் கேட்பவர்களிடம் நான் சொல்லும் பதில் பலருக்குப் பிடிப்பதில்லை. கமாண்ட் லைனில் இயங்கும் 'பாஸ்' என்ற இலவச புரோகிராமைத்தான் நான் சிபாரிசு செய்கிறேன். "மவுஸ் கிளிக் இல்லையா?" என்று முகம் சுளிக்கிறார்கள். கறுப்புத் திரையைக் கண்டு பயப்படத் தேவையில்லை என்பதே என் கருத்து.

ஜேசன் டோனன்ஃபெல்ட் எழுதிய இந்தப் புரோகிராம் ஒரு சிறிய ஷெல் ஸ்கிரிப்ட்தான். ஒவ்வொரு பாஸ்வேர்டும் ஒரு தனி ஃபைல். அதனைப் பூட்டுவதும் திறப்பதும் ஜிபிஜி என்ற என்கிரிப்ஷன் புரோகிராம். நாளையே 'பாஸ்' காணாமல் போனாலும் ஜிபிஜி மட்டும் இருந்தால் உங்கள் ஃபைல்களைத் திறந்துவிடலாம். எந்தக் கம்பெனியின் சர்வரையும் நம்ப வேண்டியதில்லை. லாஸ்ட்பாஸ் நிறுவனத்தில் 2022ஆம் ஆண்டு நடந்த ஊடுருவலில், வாடிக்கையாளர்களின் பாஸ்வேர்டு பெட்டக பேக்கப்களே நகலெடுக்கப்பட்டன என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

இன்ஸ்டால் செய்வதும் எளிது. உபுண்டுவில் 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் பாஸ்' என ஒரே வரி போதும். விண்டோஸ் 11 வைத்திருப்பவர்கள் டபிள்யூஎஸ்எல் மூலம் உபுண்டுவைப் போட்டுக் கொள்ளலாம். அடுத்து ஜிபிஜியில் ஒரு சாவியை உருவாக்கி, 'பாஸ் இனிட்' கட்டளையுடன் அதன் அடையாளத்தைத் தர வேண்டும். 'பாஸ் இன்சர்ட்' பழைய பாஸ்வேர்டைச் சேமிக்கும். 'பாஸ் ஜெனரேட்' 25 எழுத்துக்களில் புதிதாக ஒன்றை உருவாக்கித் தரும். 'பாஸ்' என்பதுடன் 'மைனஸ் சி' சேர்த்தால் பாஸ்வேர்டு திரையில் தெரியாமல் கிளிப்போர்டுக்குப் போய், 45 விநாடிகளில் அழிந்துவிடும். பின்னால் நிற்பவர் எட்டிப் பார்த்தாலும் பயனில்லை.

பட்டறைக்கு உண்மையான பயன் இனிமேல்தான். 'கணக்கு' என்று ஒரு ஃபோல்டர் அமைத்து, அதற்கு மட்டும் முதலாளி, கணக்காளர் இருவரின் சாவிகளையும் தரலாம். பேங்க் ஃபோல்டருக்கு முதலாளியின் சாவி மட்டும். கணக்காளர் விலகினால், அவர் சாவியை நீக்கி மீண்டும் 'இனிட்' கொடுத்தால் அந்த ஃபோல்டர் முழுவதும் புதிதாகப் பூட்டப்படும். ஆனால் இதோடு நிறுத்திவிடாதீர்கள். பழைய நகல் அவரிடம் இருக்கக்கூடும். எனவே அன்றே அந்த வெப்சைட்டுகளின் பாஸ்வேர்டுகளையும் மாற்றிவிட வேண்டும். எதையெல்லாம் மாற்ற வேண்டும் என்பது ஃபோல்டரைத் திறந்தாலே தெரியும். டைரியில் இந்த வசதி கிடையாது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். ஃபைல்களின் பெயர்கள் என்கிரிப்ட் ஆவதில்லை. எந்தெந்த தளங்களில் உங்களுக்குக் கணக்கு உள்ளது என்பது ஃபோல்டரைப் பார்ப்பவருக்குத் தெரியும். இன்னொன்று, ஜிபிஜி சாவி தொலைந்தாலோ அதன் பாஸ்பிரேஸ் மறந்தாலோ யாராலும் மீட்டுத் தர முடியாது. கஸ்டமர் கேர் நம்பரும் இல்லை. ஆகவே சாவியை இரண்டு பென் டிரைவ்களில் எடுத்து, ஒன்றை வீட்டிலும் ஒன்றை பேங்க் லாக்கரிலும் வையுங்கள். பாஸ்பிரேஸைத் தாளில் எழுதி, பென் டிரைவுடன் சேர்க்காமல் வேறிடத்தில் வையுங்கள்.

ஓடிபி இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். ஓடிபி வரும் மொபைல் எண் யாருடையது என்பதுதான் என் எதிர்க்கேள்வி. முக்கிய லாகினில் முதலாளியின் எண் இருக்கட்டும். இ-வே பில் தளத்தில் ஊழியர்களுக்கென்று சப் யூசர் உருவாக்கும் வசதியும் உள்ளது. ஒரே லாகினை நான்கு பேர் பங்கு போட்டுக் கொள்வதை விட அதுவே சரியான வழி.

கமாண்ட் லைன் வேண்டவே வேண்டாம் என்பவர்கள் கீபாஸ்எக்ஸ்சி பயன்படுத்தலாம், அதுவும் இலவசம்தான். புரோகிராம் எதுவாக இருந்தாலும், உங்கள் தொழிலின் சாவி உங்கள் கையில் இருக்க வேண்டும். டிரைவர் விலகினால் வண்டிச் சாவியைக் கேட்டு வாங்கும் நாம், ஜிஎஸ்டி பாஸ்வேர்டை மட்டும் விட்டுவிடுவது எந்த விதத்தில் நியாயம்?