மண்ணுக்கடியில் யார் வீடு?

பூமியைத் தோண்டினார்கள், பானை ஓடு கிடைத்தது, பாசிமணி கிடைத்தது என்று பத்திரிகையில் செய்தி வருகிறது. "இது படித்தவர்கள் சமாச்சாரம், கூலிக்காரனுக்கு இதில் என்ன?" என்று நம் தோழர்கள் பலர் பக்கத்தைத் திருப்பிவிடுகிறார்கள். திருப்பக் கூடாது என்கிறோம் நாம். நம் பாட்டன் முப்பாட்டன் வாழ்ந்த வாழ்க்கைக்கு வேறு தஸ்தாவேஜு கிடையாது.

கல்வெட்டு இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. 1010ல் கட்டி முடிந்த தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் வெட்டிவைத்த சாசனங்களைப் பாருங்கள். எந்த ஊர் கோயிலுக்கு எவ்வளவு நெல் அளக்க வேண்டும் என்று நுணுக்கமான கணக்கு. நாமும் அதில் இருக்கிறோம். எங்கே? வரியில்லாத நிலத்தைக் கழிக்கும் இடத்தில்! நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு, இவற்றோடு பறைச்சேரி, தீண்டாச்சேரி. நெல்லுக்குக் கணக்கு உண்டு. நெல்லை விளைவித்தவன் குடியிருப்பு சுடுகாட்டோடு சேர்ந்து கழிவுக் கணக்கில் போயிற்று.

ஆகவே மண்ணைத்தான் கேட்க வேண்டும்.

பழனிக்கு அருகே பொருந்தலில் பேராசிரியர் கா. ராஜன் குழுவினர் பழைய ஈமக்குழி ஒன்றைத் தோண்டினார்கள். நாலுகால் ஜாடி ஒன்றில் சுமார் 2 கிலோ நெல் இருந்தது. பரிசோதித்ததில் ஏறத்தாழ கி.மு. 490 என்று காலம் தெரிந்தது. செத்தபின்பும் கூட நெல் வைத்துக்கொண்டவன் சாதாரண ஆளாக இருந்திருக்க மாட்டான். இருக்கட்டும். அந்த நாற்றை நட்டவள் எந்தக் கூரையின் கீழ்ப் படுத்தாள்?

கீற்றும் மூங்கிலும் களிமண்ணும்தானே, என்ன மிஞ்சும் என்று கேட்கலாம். மிஞ்சும். நட்ட கழி மக்கிப் போகும். நட்ட குழி போகாது. அதில் நிரம்பிய மண் வேறு நிறமாக, வேறு பதமாக நிற்கும். கரணையால் மெல்லச் சீவினால் வட்ட வட்டமாகத் தெரியும். அவசரக்காரன் கையில் மண்வெட்டி இருந்தால் அதுவும் போச்சு. (அகழாய்வுக் குழியில் தினக்கூலிக்கு மண் சுமப்பவர்கள் நம் ஆட்களே என்பதையும் சொல்லிவைப்போம்.)

திருப்பத்தூர்ப் பக்கம் பையம்பள்ளியில் 1964-65லும் 1967-68லும் மத்திய தொல்பொருள் இலாகா தோண்டியபோது இப்படித்தான் வெளிப்பட்டது. புதிய கற்கால மக்கள் தரையில் பள்ளம் வெட்டி, சுற்றிலும் கழி நட்டு, கூரை போட்டு வாழ்ந்திருக்கிறார்கள். கருகிப்போன கொள்ளும் பச்சைப்பயறும் கிடைத்தன. மூவாயிரம் வருஷத்துக்கும் மேற்பட்ட கொள்ளு! இன்றைக்கும் நம் அடுப்பில் வேகிறது அதுதான்.

இங்கிலாந்துக் கதையும் கேட்கத் தக்கது. சஃபோக் ஜில்லாவில் சட்டன் ஹூ என்ற இடத்தில் 1939ல், கப்பலோடு புதைக்கப்பட்ட ஒரு பெரிய மனிதனின் தங்கச் சாமான்கள் அகப்பட்டன. உலகமெல்லாம் பேச்சு. அதே ஜில்லாவில் வெஸ்ட் ஸ்டோ என்ற இடத்தில் 1965 முதல் 1972 வரை தோண்டினார்கள். தங்கக் குவியல் இல்லை. 5ம் நூற்றாண்டிலிருந்து 7ம் நூற்றாண்டு வரை குடியானவர்கள் வாழ்ந்த கிராமம், சுமார் 70 பள்ளக் குடிசைகளின் தடயம், தக்களி வில்லைகள், தறியில் பாவு நூலை இழுத்துப் பிடிக்கத் தொங்கவிட்ட களிமண் குண்டுகள். அந்த இடத்திலேயே சில குடிசைகளை மறுபடி கட்டி ஜனங்களுக்குக் காட்டுகிறார்கள். நம் கீழடியிலும் தக்களி வில்லைகள் கிடைத்தன. பஞ்சாலைத் தோழர்கள் போய்ப் பார்க்க வேண்டும்.

நம் காவிரிக் கரையில் என்ன நடக்கிறது? பூம்புகாரில் 1960களில் தோண்டியபோது கீழையூர்ப் படகுத்துறை வந்தது, புத்த விகாரை வந்தது. நல்லதே. கீழ்வேளூர் மாடக்கோயில் உயர்ந்த மேடைமேல் நிற்கிறது. அதைச் சுற்றிய வயலில் உழைத்தவன் வீட்டை யார் தேடினார்கள்?

மண்ணின் குறையல்ல இது. மிராசுதார் நினைத்தால் மறுநாள் பிரிக்க வேண்டிய குடிசைக்கு எவன் அஸ்திவாரம் போடுவான்? குடியிருக்கும் மனை குடியிருப்பவனுக்கே என்ற சட்டம் 1971ல்தான் வந்தது. அதற்கு மூன்று வருஷம் முன்பு, 1968 டிசம்பர் 25 இரவில், இதே வட்டாரத்துக் கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளுமே அதிகம். கூலி நெல் கூட்டிக் கேட்டார்கள், செங்கொடி பிடித்தார்கள், அதுதான் குற்றம். அங்கே நினைவுச் சின்னம் எழுந்ததால் அந்த இடம் நமக்குத் தெரிகிறது. ஆயிரம் வருஷத்தில் எரிந்தும் சரிந்தும் போன மற்றக் குடிசைகள் எங்கே?

வயலுக்கு நடுவே உயர்ந்து நிற்கும் திடல்களிலும் நத்தமேடுகளிலும் இருக்கலாம். அந்த மேடுகளைச் சூளைக்கும் ரோட்டுக்கும் லாரி லாரியாக வெட்டிக்கொண்டு போகிறார்கள். ஒரு லோடு மண்ணுக்கு விலை உண்டு. அதில் கிடக்கும் அடுப்புக்கு விலை கிடையாது. துறைமுகத்தையும் கோயிலையும் தோண்டும் சர்க்கார் இந்த மேடுகளில் இரண்டொன்றையாவது குடிசையைத் தேடித் தோண்டட்டும். அதுவரை லாரியை நிறுத்தட்டும்.

நாம் செய்யக்கூடியதும் உண்டு. குளம் வெட்டும்போதோ வாய்க்கால் தூர்வாரும்போதோ உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமான பானை ஓடு, சுட்ட மண் உறை, கருகிய தானியம் தட்டுப்பட்டால் பிடுங்கி எடுக்காதீர்கள். அந்த இடத்தில் வெட்டுவதை நிறுத்தி, எந்தக் கரை, எத்தனை அடி ஆழம் என்று குறித்துக்கொண்டு, கிராம நிர்வாக அலுவலரிடம் எழுத்து மூலம் கொடுத்து, தொல்லியல் துறைக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.