வாசல் தரையும் நம் காலடி மணலும்

ஒரு பள்ளியின் முகம் எது என்று கேட்டால் பலர் முகப்பிலுள்ள பெயர்ப் பலகையைச் சொல்வார்கள். சிலர் கெபியில் நிற்கும் தேவமாதாவின் சுரூபத்தைச் சொல்வார்கள். நாங்கள் வாசல் தரையைச் சொல்வோம். பெயர்ப் பலகையை அண்ணாந்து பார்ப்பவர் சிலரே. தரையை மிதிக்காமல் உள்ளே வருபவர் ஒருவரும் இல்லை.

நம் பள்ளியின் வாசல் கூடத்தில் இருப்பது மொசைக் தரை. அது மங்கிவிட்டது, வயதாகிவிட்டது, அதன் மேலேயே பளபளப்பான விட்ரிஃபைட் டைல்ஸ் பதித்துவிடலாம் என்று பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் ஒரு யோசனை எழுந்திருக்கிறது. நல்லெண்ணத்தோடு சொன்ன யோசனைதான். ஆயினும் மாணவியராகிய எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. தரைக்கு வயதாகிவிட்டது என்பதையே நாங்கள் ஒப்புக்கொள்ளவில்லை.

கூடத்தில் நின்று சற்றே பாருங்கள். கதவிலிருந்து மாடிப்படி வரை செல்லும் பாதை சாம்பல் பூத்துக் கிடக்கிறது. சுரூபத்தின் கீழ் மூலையிலோ, யாரும் நடக்காத இடத்தில், சில்லுகள் இன்றும் கண்ணாடிபோல் மின்னுகின்றன. இரண்டும் ஒரே நாளில் போட்ட தரை அல்லவா? வயதுதான் காரணமென்றால் மூலைக்கு மட்டும் வயதாகாமல் போனது எப்படி?

இந்தத் தரையை நாம் மொசைக் என்று அழைத்தாலும், உண்மையான மொசைக் என்பது இத்தாலியின் ரவென்னா நகரில் 6-ஆம் நூற்றாண்டு ஆலயமான சான் விட்டாலேயில் உள்ளதுபோல், சிறு துண்டுகளை ஒவ்வொன்றாய்ப் பதித்து உருவம் அமைப்பது. நம் தரைக்கு டெராசோ என்று பெயர். பளிங்குச் சில்லுகளைச் சிமெண்டில் கலந்து பரப்பி, இறுகிய பிறகு நீர் விட்டுச் சாணைக்கல்லால் தேய்த்து எடுப்பது. முதலில் கரடான 60-ஆம் நம்பர் கல், அடுத்து 120, கடைசியில் நயமான 320. பின்னர் சதுர மீட்டருக்கு 33 கிராம் வீதம் ஆக்ஸாலிக் அமிலத் தூளைத் தூவி, நீர் தெளித்து, கம்பளித் துணியால் அழுத்தித் தேய்ப்பார்கள். ஆகவே பளபளப்பு என்பது மேலே பூசிய பூச்சு அன்று. தேய்த்துத் தேய்த்துக் கல்லிலேயே வரவழைத்தது. கல்லால் வந்தது கல்லாலேயே போகும்.

எந்தக் கல்லால் என்கிறீர்களா? விளையாட்டு மைதானத்திலிருந்து நாம் காலணியில் சுமந்து வரும் மணலால்தான். 1812-ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் பிரடெரிக் மோஸ் வகுத்த கடினத்தன்மை அளவையை அறிவியல் வகுப்பில் படித்திருக்கிறோம். அதில் பளிங்கின் கடினம் 3. மணலிலுள்ள குவார்ட்ஸின் கடினம் 7. ஆயிரம் பேர் படிக்கும் பள்ளியில் காலையில் மட்டும் இரண்டாயிரம் காலணிகள் இந்தப் பாதையில் நடக்கின்றன. ஒவ்வொன்றின் அடியிலும் நாலு மணல் என்று வைத்துக்கொண்டாலும் கணக்கு என்னவாகும்?

இதில் நாம் ஒரு வேடிக்கையும் செய்கிறோம். முதல் மணி அடிக்கச் சற்றுமுன் ஆயாம்மா தரையைத் துடைத்து முடிப்பார். ஈரம் காயுமுன்னே நாம் எல்லோரும் உள்ளே வருகிறோம். கல், நீர், அழுத்தம் மூன்றும் சேர்ந்தால் அதுதான் சாணை பிடித்தல். பாலிஷ் போடுபவர் கூலி வாங்கிக்கொண்டு நயமாகச் செய்வதை, நாம் கூலியில்லாமல் தினந்தோறும் கரடாகச் செய்துகொண்டிருக்கிறோம்! பிரார்த்தனைக் கூட்டம் முடிந்து அனைவரும் வகுப்புக்குப் போன பின்னர் துடைத்தால் என்ன? தரையும் நிம்மதியாகக் காயும், ஆயாம்மாவும் நம் காலடித் தடங்களை மறுபடி துடைக்க வேண்டியிராது. துடைக்குமுன் பூந்துடைப்பத்தால் மணலைக் கூட்டி அள்ளிவிட வேண்டும். சோப்பு நீருக்கு ஒரு வாளி, அலசுவதற்கு நல்ல நீர் மற்றொரு வாளி என்று இரண்டு வேண்டும். ஒரே வாளி அழுக்கு நீரில் முழுக் கூடத்தையும் துடைப்பது, கதவடியில் இருந்த அழுக்கை மாடிப்படிக்கு இடம் மாற்றுவதே ஆகும்.

அடுத்து, ஆசிட். தரை மங்குகிறது என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது அதுதான். கழிவறைக்கு வாங்கிய குப்பி வாசலுக்கும் வந்துவிடுகிறது. பளிங்கு கால்சியம் கார்பனேட் என்பதும், அதன்மேல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் பட்டால் நுரைத்துக் கரையும் என்பதும் ஆய்வுக்கூடத்தில் நாமே செய்து பார்த்த பரிசோதனை. அழுக்கு போனதுபோல் தெரிவது உண்மையில் தரையின் மேல்தோல் போனதுதான். ஆக்ஸாலிக்கும் அமிலந்தானே என்று கெட்டிக்காரத் தோழி ஒருத்தி கேட்டாள். நல்ல கேள்வி! அது சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து நீரில் கரையாத படிவமாய்த் தங்குகிறது. ஹைட்ரோகுளோரிக் அமிலமோ கல்லைக் கரைத்து நீரோடு கொண்டு போய்விடுகிறது. மேலும், கைதேர்ந்தவர் அளந்து தூவுவது வேறு, மாதந்தோறும் குப்பியைச் சாய்ப்பது வேறு.

தரையைவிட எங்களுக்குக் கவலை தருவது ஆயாம்மாவின் கை. ஆசிட் போட்ட மறுநாள் அவர் விரல்களில் தோல் உரிந்திருப்பதைப் பலரும் பார்த்திருக்கிறோம். அந்த நெடியில் அவர் இருமுவது முதல் வகுப்பறை வரை கேட்கும். ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடரும் சேர்ந்துவிட்டால் குளோரின் வாயு கிளம்பும். முதல் உலகப் போரில், 1915-ஆம் ஆண்டு ஈப்ர் போர்முனையில் வீரர்களைக் கொன்ற வாயு அது. வாசல் பளபளப்பதற்காக ஒரு தாயின் நெஞ்சு எரிய வேண்டுமா? இதை அருட்சகோதரிகளின் முன்னும் பெற்றோரின் முன்னும் பணிவோடு, ஆனால் அழுத்தமாகவே கேட்கிறோம். புனித மார்ட்டின் தெ போரஸின் சுரூபம் கையில் துடைப்பத்தோடுதான் நிற்கிறது. 23-ஆம் அருளப்பர் 1962-இல் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தபோது, அந்தத் துடைப்பத்தை வாங்கி வைத்துவிட்டு அளிக்கவில்லை.

மெழுகு பூசலாம் என்பாரும் உண்டு. நடமாட்டமில்லாத வரவேற்பறைக்கு அது சரி. வாசலில் பூசினால் நடுவில் தேய்ந்து, ஓரத்தில் மஞ்சள் பிடித்து, மழை நாளில் சின்னப் பிள்ளைகளை வழுக்கி விழச் செய்யும். பளபளப்பான டைல்ஸிலும் அதே வழுக்கல் இருக்கிறது. அதிலும் மணல் கீறத்தான் செய்யும். கீறல் விழுந்தபின் மொசைக்கைப்போல் அதைச் சாணை பிடித்து எளிதில் மீட்க முடியாது.

டைல்ஸுக்கு என்று எடுத்து வைக்கும் பணத்தில் ஒரு பகுதியே போதும். மே மாத விடுமுறையில் பழக்கமுள்ள பாலிஷ்காரரைக் கொண்டு கூடத்தை ஒருமுறை தேய்க்கச் சொல்லலாம். அப்போது வழியும் பால் போன்ற குழம்பைச் சாக்கடையில் விடாமல் அள்ளச் சொல்ல வேண்டும். உள்ளே படிந்து இறுகினால் குழாய் அடைத்துக்கொள்ளும். ஆனால் மணலைத் தடுக்காமல் தேய்ப்பது வீண் செலவு. ஆகையால் கதவுக்கு வெளியே தேங்காய் நார் மிதியடி, உள்ளே தடித்த பருத்தி மிதியடி, இரண்டும் வேண்டும். இப்போது கிடக்கும் முழ நீளத் துண்டை எல்லோரும் தாண்டித்தான் வருகிறோம். ஒவ்வொரு காலும் இரண்டு தடவையாவது பதியும் அளவுக்கு நீளம் இருக்க வேண்டும். மழைக்காலத்துக்குக் குடை வைக்க வாசலுக்கு வெளியே ஒரு தொட்டியும் வேண்டும்.

மாதா திருநாளில் சொட்டும் மெழுகுவர்த்தி மெழுகைப் பற்றியும் ஒரு வார்த்தை. கத்தியால் சுரண்டாதீர்கள். பனிக்கட்டியை வைத்து இறுகச் செய்து, பிளாஸ்டிக் அடிக்கோலின் ஓரத்தால் நெம்பினால் பொடியாக வந்துவிடும்.

மிதியடியையும் தினம் உதற வேண்டும். இல்லையேல் அதுவே மணல் மூட்டையாகிவிடும். இந்த வேலையை ஆயாம்மாவின் தலையில் ஏற்ற வேண்டாம். மாலை மணி அடித்ததும் இரண்டு பேர் பிடித்து மைதானத்து ஓரத்தில் உதறினால் ஐந்து நிமிடத்தில் முடியும். முறை வைத்து வகுப்புகளுக்குப் பிரித்துக் கொடுங்கள். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும், முதல் வாரத்துக்கு எங்கள் வகுப்பின் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.