கரண்ட் வைக்கிறது

புற்றுநோய்க்குக் கதிர் சிகிச்சை கொடுப்பதை நம்ம ஊரில் 'கரண்ட் வைக்கிறது' என்பார்கள். பெயர் வைத்த புண்ணியவான் யாரோ, ஷாக் அடிக்கும் என்று பயந்தே சில பேர் ஆஸ்பத்திரிப் பக்கம் போவதில்லை.

எங்கள் தெருவில் ஒரு ரிட்டயர்டு தாசில்தார். மூக்கோரம் மிளகு சைஸுக்கு ஆறாத புண். டெஸ்ட் பண்ணினால் தோல் புற்று. ஆபரேஷனும் ஆச்சு. அப்புறமும் டாக்டர், 'மேலாக ரேடியேஷன் கொடுத்துடலாம்' என்றதும் மனுஷர் நேராக என்னிடம் வந்துவிட்டார்.

"ஏம்ப்பா, நீ பி.காம்.தானே? கடனை அடைச்சப்புறம் எவனாவது வட்டி கட்டுவானா?"

"அசலைத்தான் அடைச்சிருக்கீங்க சார். சில்லறை பாக்கி நின்னா அதுதான் குட்டி போடும்" என்றேன்.

விஷயம் அதுதான். வெட்டியெடுத்த சதையை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். ஓரம் சுத்தமாக இருந்தால் பெரும்பாலானவர்களுக்கு அதோடு சரி. ஓரத்திலும் புற்று தெரிந்து, மறுபடி வெட்டினால் மூக்கே போய்விடும் என்றாலோ, நரம்பு வழியாக ஊர ஆரம்பித்திருந்தாலோ கதிரைக் கூப்பிடுவார்கள்.

இது புதுசும் இல்லை. ரான்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தது 1895-ல். நாலே வருஷத்தில், 1899-ல், ஸ்டாக்ஹோமில் தோல் புற்றுக்கு அதை வைத்தே வைத்தியம் ஆரம்பித்துவிட்டார்கள்.

மேலோட்டமான புற்றுக்கு 50 முதல் 150 கிலோவோல்ட் எக்ஸ்ரே போதும். தோலில்தான் அதன் வீச்சு. உள்ளே போகப் போகத் தேய்ந்துவிடும். சுற்றிலும் ஈயத் தகடு வைத்து மறைப்பார்கள். சில நிமிஷம் அசையாமல் படுத்தால் ஆச்சு, வலி கிடையாது. பெரும்பாலும் வாரம் அஞ்சு நாள், சில வாரங்கள். ஏன் இந்தத் தவணை? நல்ல செல் ராத்திரியோடு ராத்திரியாக ரிப்பேர் பார்த்துக்கொள்ளும். புற்று செல்லுக்கு அந்த சாமர்த்தியம் குறைவு.

சும்மா விடாது, தோல் சிவக்கும், உரியும், அங்கே முடி கொட்டும். வருஷங்கள் கழித்து அதே இடத்தில் வேறு புற்று வர சின்ன சான்ஸும் உண்டு. அதனால்தான் சின்ன வயசுக்காரர்களுக்குக் கொடுக்க டாக்டர்கள் யோசிப்பார்கள்.

தாசில்தார் ஒருநாள்கூடத் தப்பாமல் போய்வந்தார். மூக்கு முழுசாக இருக்கிறது. அதன்மேல் கோபமும் பழையபடி உட்கார்ந்திருக்கிறது.

வீட்டில் அப்பாவுக்கோ தாத்தாவுக்கோ ஒரு மாசமாகியும் ஆறாத புண் இருந்தால் களிம்பு தடவிக்கொண்டு உட்காராதீர்கள். கரண்ட் பில்லையே கடைசித் தேதி தாண்ட விடமாட்டீர்கள், இதை விடலாமா?