காடும் ஆறும் கேட்டை மூடினால்...

குத்தம்பாக்கத்தில் ஒரு ஜோடி வேன் எடுத்தால், பெங்களூர் ரோட்டைப் பிடித்து ஒகேனக்கல், முதுமலை, பந்திப்பூர் என்று ஒரு ரவுண்டு அடிக்கலாம். சூப்பர் ரூட்! ஆனால் போய் வந்தவர்கள் புலம்புவது ரெண்டு தடைகளைப் பற்றி. காவிரியில் தண்ணீர் கூடினால் பரிசல் கிடையாது. பந்திப்பூர் காட்டுச் சாலையில் 2009-லிருந்து இரவு 9 முதல் காலை 6 வரை (ஆம்புலன்ஸ், சில அரசு பஸ்கள் தவிர) வண்டி போகக்கூடாது.

என்னைக் கேட்டால் ரெண்டுமே சரிதான். ராஃப்டிங்குக்குப் பேர்போன ரிஷிகேஷிலேயே மழைக்காலத்தில் படகு இறங்காது, பரிசல் எம்மாத்திரம்? ராத்திரி ஹெட்லைட்டில் கண் கூசி மான் நடுரோட்டிலேயே நின்றுவிடும். நமக்குப் போவது ஒரு நாள் லீவு. மானுக்கும் பரிசல்காரருக்கும் போவது உயிர்.

ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொண்டு கிளம்புங்களேன். என்ன சொல்றீங்க? :)