மூணு டியூ மர்மம்

தாமல் தெரியுமோ? காஞ்சிபுரத்தைத் தாண்டி பெங்களூர் ரோட்டில் போனால் வரும். பெரிய ஏரி உண்டு, பழைய கோயில் உண்டு, என் நண்பர் ஒருவரும் உண்டு. பட்டு நெசவு. போன மாதம் ரோட்டோரம் பைக்கை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனார். குடித்துவிட்டு வந்தால், வண்டி இல்லை!

"ஐயோ, வண்டி!" என்று கத்த வாயைத் திறந்தவர் பாதியிலேயே மூடிக்கொண்டார். மூணு மாச டியூ பாக்கி ஞாபகத்துக்கு வந்துவிட்டது. எடுத்தது திருடனா, ஃபைனான்ஸ்காரரா? திருடனாக இருக்கக் கூடாதே என்று ஒரு மனசு. திருடனாக இருந்தால் இன்ஷூரன்ஸாவது வருமே என்று இன்னொரு மனசு!

போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினார். ஏட்டு நம்பரைக் கேட்டார். "சீஸிங் பண்ணவங்க வந்து எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டாங்கப்பா. டியூ கட்டலியா?" மர்மம் இரண்டே நிமிஷத்தில் தீர்ந்தது.

ஆனால் நண்பர் தலையில் கை வைத்து உட்கார்ந்தது வண்டிக்காக இல்லை. வண்டிப் பெட்டிக்குள் ஒரு பட்டுப் புடவை. நெய்து முடித்து, காஞ்சிபுரத்தில் முதலாளியிடம் கொடுக்க எடுத்துப் போனது. வண்டி வெறும் அடமானம். புடவை மானம்!

புடவை என்னாயிற்று என்பதை அப்புறம் சொல்கிறேன். அதற்கு முன் அமெரிக்கா வரை ஒரு நடை போய் வரலாம்.

ஜோ கோர்ஸ் என்று ஒரு எழுத்தாளர். 2011-ல் காலமானார். எழுத வருவதற்கு முன் சான் பிரான்சிஸ்கோவில் அவர் பார்த்த உத்தியோகம், டியூ கட்டாத கார்களைத் தேடிப்பிடித்துத் தூக்கி வருவது! அந்த அனுபவத்தைக் கொண்டு 1967-ல் சிறுகதைகளாகத் தொடங்கியதுதான் 'டி.கே.ஏ.' வரிசை. டான் கியர்னி என்கிற முதலாளி, அவரிடம் வேலை பார்க்கும் லாரி பல்லார்ட், பார்ட் ஹெஸ்லிப் என்று ஒரு பட்டாளம். முதல் நாவல் 1972-ல் வந்த 'டெட் ஸ்கிப்'. நொறுங்கிய காரில் ஹெஸ்லிப் நினைவில்லாமல் கிடக்கிறார். விபத்து என்று எல்லோரும் நம்ப, பல்லார்ட் நம்பவில்லை. கியர்னி கொடுக்கும் கெடு 72 மணி நேரம். குற்றவாளியைத் தேடப் பூதக்கண்ணாடியும் இல்லை, கைரேகையும் இல்லை. ஹெஸ்லிப் கடைசியாகப் பார்த்த டியூ பாக்கி ஃபைல்கள்தான் ஆதாரம். ஒவ்வொரு கதவாகத் தட்டுகிறார். பழைய விலாசம், பக்கத்து வீட்டுக்காரர், வேலையை விட்ட ஆபீஸ்... 1992-ல் வந்த '32 காடிலாக்ஸ்' இன்னும் அமர்க்களம். பேங்க்கை ஏமாற்றி ஒரு கூட்டம் ஓட்டிக்கொண்டு போன கார்களை ஒவ்வொன்றாக மீட்கிற கூத்து.

நம் ஊரில் துப்பறிவாளர்களுக்கா பஞ்சம்? சங்கர்லால் இருந்தார். கணேஷ்-வசந்த், விவேக்-ரூபலா, நரேந்திரன்-வைஜயந்தி, பரத்-சுசீலா என்று ஜோடி ஜோடியாக வந்தார்கள். இவர்களில் யாரும் டியூ பாக்கிக்காக ஒரு மொபெட்டைத் தள்ளிக்கொண்டு வந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. தவணையில் வண்டி வாங்கிய ஜனங்கள் தெருவுக்குத் தெரு இருக்கிற தேசத்தில் இது அநியாயம் இல்லையா?

'சீஸிங்' ஆசாமி என்றாலே நமக்கு முறுக்கு மீசையும் உருட்டுக்கட்டையும்தான் கண்ணில் நிற்கும். அப்படிப்பட்டவர்களும் இருந்ததால்தான் 2007-ல் சுப்ரீம் கோர்ட், கடனை வசூலிக்க அடியாள் வைக்கக் கூடாது, சட்டப்படிதான் போகவேண்டும் என்று பேங்க்குகளின் மண்டையில் குட்டியது. அடுத்த வருஷமே ரிசர்வ் பேங்க், வசூல் ஏஜென்ட்டுகளுக்குப் பயிற்சி வேண்டும் என்றது. 2022-ல் காலை 8 மணிக்கு முன்னாலும் ராத்திரி 7 மணிக்குப் பிறகும் போன் போட்டுத் தொந்தரவு பண்ணக்கூடாது என்றும் சொல்லிவிட்டது. ஆர்.சி.யில் கம்பெனி பெயர் இருக்கும்வரை வண்டியில் அவர்களுக்கும் பாத்தியதை உண்டு. அதற்காக வண்டிக்காரரின் மரியாதையையும் சேர்த்து யாரும் அடமானம் வாங்கவில்லை.

சரி, புடவை?

அன்று சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரம். நண்பர் வீட்டு வாசலில் ஒரு பையன் வந்து நின்றான். இருபத்தஞ்சு வயசுகூட இருக்காது. கையில் மஞ்சள் பை. "வண்டி கம்பெனியோடது அண்ணா. பெட்டியில இருந்தது உங்களோடது. பிரிச்சுப் பாத்துக்குங்க."

நண்பர் பிரித்தார். மடிப்புக்கூடக் கலையவில்லை. போன உயிர் திரும்பி வந்தது. கோபமெல்லாம் எங்கே போயிற்றோ, "உள்ளே வா தம்பி, காபி சாப்பிட்டுட்டுப் போ" என்றார்.

பையன் திண்ணையில் உட்கார்ந்து குடித்தான். தறியை எட்டிப் பார்த்து, "எங்க தாத்தா வீட்லயும் இருந்துச்சு" என்றான். கிளம்பும்போது தன் பைக்கை உதைத்துக்கொண்டே, "சீக்கிரம் டியூ கட்டி எடுத்துக்குங்கண்ணா. ஏலத்துக்குப் போயிட்டா கஷ்டம். என் வண்டிக்கே ரெண்டு டியூ பாக்கி. எவன் எப்ப வந்து தூக்குவான்னு தெரியல" என்றானாம்.

இதைவிட ஒரு துப்பறியும் கதாநாயகன் வேண்டுமா? தமிழ் எழுத்தாளர்களே, பிடித்துக்கொள்ளுங்கள். தேடுகிறவனும் தேடப்படுகிறவனும் ஒரே தவணைக்காரர்கள். இந்தக் கதையில் வில்லனே தேவையில்லை. ஐந்தாம் தேதி ஒன்று போதும்.

நண்பர் மனைவியின் தோடு பேங்க்குக்குப் போனது, வண்டி வீட்டுக்கு வந்தது. தோட்டுக்கும் ஒரு டியூ தேதி உண்டு. அது இரண்டாம் பாகம்.

இதை எழுதி முடித்துவிட்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். என் வண்டி நிற்கிறது. இன்றைக்குத் தேதி நாலு.