தற்காலிகம் எண்டா எத்தனை நாள்?

2022 இல் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் போனது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். நாங்கள் அப்போது உயர்தரம் படித்துக்கொண்டிருந்தோம். எங்கட ரியூட்டரிக்குப் பக்கத்துக் கடையில், டீசல் கிடைத்த நாட்களில் ஜெனரேற்றர் ஓடும். அதன் புகைக்குழாய் உடைந்திருந்ததால் புகை முழுக்க எங்கள் வகுப்புக்குள்தான் வரும். போய்க் கேட்டோம். "தற்காலிகம்தான் பிள்ளையள், சாமான் வந்தவுடன மாத்திப்போடுவன்" என்றார் கடைக்கார ஐயா.

அவர் பொய் சொல்லவில்லை. அந்த நேரம் நாட்டில் உதிரிப்பாகங்கள் கிடைப்பது அவ்வளவு கஷ்டம். ஆனால் முட்டு வருத்தம் இருந்த எங்கள் சிநேகிதி ஒருத்தி முதலில் கடைசி வாங்குக்கு மாறினாள். பிறகு வகுப்புக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். குழாய் எப்போது மாற்றப்பட்டது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

உண்மையான காரணத்தோடு ஒருவர் "கொஞ்ச நாள் பொறுங்கோ" என்று கேட்கும்போது என்ன செய்வது? ஒரு கடையில் வந்த இதே கேள்வி பெரிய தொழிற்சாலைகளிலும் வருகிறது.

தொழிற்சாலைக்குள் எரிகிற எல்லாமே புகைபோக்கியால் அப்படியே வெளியே வருவதில்லை. துணிப்பை வடிகட்டிகள் தூசியைப் பிடிக்கின்றன. தண்ணீர் தெளிக்கும் கோபுரங்கள் சில வாயுக்களைக் கழுவி எடுக்கின்றன. இவையும் இயந்திரங்கள்தானே. பை கிழியும், பம்பி பழுதாகும். திருத்தி முடியும்வரை தொழிற்சாலையை நிறுத்த வேண்டும், இல்லாட்டி வடிகட்டாமல் ஓட்ட வேண்டும். அந்த இடத்தில்தான் முதலாளி அரசாங்கத்திடம் போய், திருத்த வேலை முடியும் வரைக்கும் காற்று மாசு விதியிலிருந்து விலக்குத் தாருங்கள் என்று கேட்கிறார்.

"ஒருபோதும் குடுக்கக்கூடாது" என்று எழுதிவிட்டுப் போவது எங்களுக்குச் சுகம். ஆனால் சில உலைகளைச் சட்டென்று நிறுத்திவிட முடியாது. நிறுத்தி மறுபடி சூடாக்கும்போது சரியாக எரியாததால் வழமையை விடக் கூடுதலாகப் புகை வருவதும் உண்டு. உள்ளே நாட்சம்பளத்துக்கு வேலை செய்பவர்களும் இருக்கிறார்கள். எனவே விலக்கே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. அதை யார், எப்படி, எவ்வளவு காலத்துக்குக் கொடுப்பது என்பதுதான் எங்கள் கேள்வி.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் இதற்கென்றே ஒரு நடைமுறை உண்டு. லொஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் ஐந்து பேர் கொண்ட விசாரணைச் சபை ஒன்று இருக்கிறது: ஒரு சட்டத்தரணி, ஒரு பொறியியலாளர், ஒரு மருத்துவத்துறையினர், பொதுமக்கள் சார்பில் இருவர். விலக்குக் கேட்கும் தொழிற்சாலை அவர்கள் முன்னால் வந்து பல விடயங்களை நிரூபிக்க வேண்டும். பிரச்சினை தன் கட்டுப்பாட்டுக்கு வெளியே நடந்தது என்று காட்ட வேண்டும். விலக்குக்குப் பதிலாக உற்பத்தியைக் குறைக்க முடியுமா என்று யோசித்தீர்களா என்ற கேள்விக்குப் பதில் வேண்டும். விலக்குக் காலத்தில் மாசை இயன்றளவு குறைப்பதோடு, கேட்டால் அளந்து அறிக்கையும் கொடுக்க வேண்டும். அவசர விலக்கு 30 நாளைத் தாண்டக்கூடாது. நீண்டகால விலக்கு என்றால் பகிரங்க விசாரணை நடக்கும். பக்கத்தில் குடியிருக்கும் சனமும் அங்கே எழுந்து கதைக்கலாம்.

எழுத்தில் எல்லாம் நல்லாத்தான் இருக்கிறது. நடைமுறையில் இது எப்படிப் போகும் என்பதற்கு லொஸ் ஏஞ்சல்ஸுக்குப் பக்கத்தில் உள்ள வேர்னன் நகரத்தில் இருந்த எக்ஸைட் தொழிற்சாலை நல்ல உதாரணம். பழைய பற்றரிகளை உருக்கி ஈயம் எடுக்கும் இடம் அது. சுற்றிவர இருந்தவர்கள் பெரும்பாலும் லத்தீன் அமெரிக்க வம்சாவளித் தொழிலாளர் குடும்பங்கள். அங்கிருந்து வெளியேறிய ஆர்சனிக் சுமார் 1,10,000 பேருக்குப் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டியிருக்கலாம் என்று காற்றுக் கண்காணிப்பு அதிகாரிகள் 2013 இல் வெளிப்படுத்தினார்கள். விதிகள் இறுக்கப்பட்டன. புதிய கருவிகளைக் குறித்த நாளுக்குள் பொருத்தி முடிக்க இயலாது, அவகாசம் தாருங்கள் என்று நிறுவனம் விசாரணைச் சபையிடம் கேட்டது. 2014 ஏப்ரலில் சபை மறுத்துவிட்டது. 2015 மார்ச்சில் தொழிற்சாலை நிரந்தரமாக மூடப்பட்டது.

நீதி வென்றது என்று இதோடு முடிக்கலாம். ஆனால் அதே தொழிற்சாலை, ஆபத்தான கழிவுகளைக் கையாளுவதற்கு வேறொரு அரச திணைக்களத்திடம் இருந்து பெற்ற இடைக்கால அனுமதியோடு முப்பது வருடங்களுக்கு மேலாக ஓடியது! முழு அனுமதி ஒருநாளும் கிடைக்கவில்லை. ஒரு பிள்ளை பிறந்து, வளர்ந்து, கலியாணம் கட்டித் தன் பிள்ளையையும் அந்த மண்ணில் விளையாட விடும் அளவுக்கு அந்த 'இடைக்காலம்' நீண்டது. பிறகு ஆயிரக்கணக்கான வீட்டுக் காணிகளின் மண்ணில் ஈயத்தைத் தேட வேண்டி வந்தது. வங்குரோத்து நீதிமன்றம் 2020 ஒக்டோபரில் அந்த இடத்தைக் கைவிட நிறுவனத்துக்கு வழிவிட்டது. துப்புரவுச் செலவின் பெரும்பகுதி பொதுமக்களின் வரிப்பணத்தில் விழுந்தது.

ஒரே தொழிற்சாலைக்கு இரண்டு தற்காலிகங்கள். ஒன்றில் முடிவுத் திகதி இருந்தது, கேள்வி கேட்க ஒரு சபை இருந்தது, சனத்துக்குக் கதவு திறந்திருந்தது. மற்றதில் ஒரு கோப்பு மட்டும் ஒரு மேசையில் கிடந்தது. எங்களுக்கு முக்கியமாகப் படுவது இந்த வித்தியாசம்தான்.

அமெரிக்காவின் மத்திய விதிகளும் ஒரு காலத்தில் நச்சு வாயு வரம்புகளுக்கு ஒரு பெரிய ஓட்டை வைத்திருந்தன. இயந்திரத்தைத் தொடக்கும்போதும், நிறுத்தும்போதும், அது பழுதாகும்போதும் அந்த வரம்புகள் பொருந்தாது. 2008 டிசம்பரில் வாஷிங்டனில் உள்ள மேன்முறையீட்டு நீதிமன்றம் இதை ரத்துச் செய்தது. சட்டம் கேட்பது தொடர்ச்சியான கட்டுப்பாட்டை என்பதுதான் காரணம். எங்கட மொழியில் சொன்னால், பக்டரி திருத்த வேலைக்காக லீவு எடுக்கலாம், சுவாசப்பை எடுக்க ஏலாது.

"அது அமெரிக்கா, எங்களுக்கென்ன?" என்று கேட்கலாம். இங்கேயும் 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம் இருக்கிறது. அதன் கீழ் மாசு வெளியிடக்கூடிய தொழிற்சாலைகள் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் எடுக்க வேண்டும். உரிமத்தோடு நிபந்தனைகளும் வரும். ஆனால் வடிகட்டி பழுதான நாளில் அந்த நிபந்தனைகளுக்கு என்ன நடந்தது என்பதை வேலிக்கு இந்தப் பக்கம் இருப்பவர் எப்படி அறிவார்? சுன்னாகத்தில் காற்றல்ல, தண்ணீர் கெட்டது. கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கில், மின்நிலையக் கம்பனி மக்களுக்கு 2 கோடி ரூபா கொடுக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றம் 2019 இல் தீர்ப்பளித்தது. பெரிய தீர்ப்புத்தான். ஆனாலும் அது வந்தது கிணறு கெட்ட பிறகு.

எங்கள் நிலைப்பாடு இதுதான். விலக்குக் கொடுக்கலாம், ஆனால் அது முடியும் திகதி முதல் நாளே எழுதப்பட வேண்டும். அந்தத் திகதியைக் கேட்பவரே தீர்மானிக்கக்கூடாது. உற்பத்தியைக் குறைப்பதுதான் முதல் தெரிவாக இருக்க வேண்டும். எவ்வளவு மாசு கூடுதலாக வெளியேறியது என்று அளக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவர்களுக்கு அவர்களுடைய மொழியில் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். முட்டு வருத்தக்காரர் இருக்கும் வீட்டுக்கு யன்னலைச் சாத்துவதற்காவது நேரம் வேண்டாமா?

இதற்கு நாங்கள் சட்டம் படித்திருக்கத் தேவையில்லை. 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரஜையும் விண்ணப்பிக்கலாம். தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அதிகாரி முடிவெடுக்க வேண்டும். உங்கள் ஊரில் புகைபோக்கி ஒன்று இருந்தால், அதன் உரிமத்தில் என்ன நிபந்தனை இருக்கிறது, கடந்த வருடம் ஏதாவது தளர்வு கொடுக்கப்பட்டதா என்று ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள்.

அன்றைக்குக் கடைக்கார ஐயாவிடம் நாங்கள் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று இருக்கிறது: "சரி ஐயா, எந்தத் திகதி வரைக்கும்?" அதைக் கேட்டிருந்தால் குழாய் உடனே மாறியிருக்கும் என்று சொல்ல மாட்டோம். குறைந்தது, அந்தத் திகதி தாண்டியதும் திரும்பிப் போய் நிற்பதற்கு எங்களிடம் ஒரு நியாயம் இருந்திருக்கும்.